ஊவாவிற் பறங்கியர் சுவடு

எல்லப் புகையிரத நிலையத்தில் இறங்கும் பிறநாட்டுப் பயணிக்கு ஒரு நாள் வாடகைக்கு மோட்டார் வண்டியும் வழிகாட்டியும் கிடைப்பது இன்று மிக எளிது. காலையில் தெமோதரைக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். நண்பகலில் தம்பேதன்னைத் தோட்டத்து உச்சியிலுள்ள லிப்டன் ஆசனம். மாலையில் ஹப்புத்தளையில் வெள்ளைக்காரத் துரை கட்டிய அதிசம் மாளிகை. இடையிற் கொழுந்து பறிக்கும் பெண்களோடு ஒரு புகைப்படம். இன்னும் ஓரிரு நாள் தங்குவோரைக் காலி, கொழும்பு, நீர்கொழும்பு ஆகிய கரையோரப் பட்டினங்களுக்குக் கொண்டுசென்று, போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற கோட்டைகளையும் கோயில்களையும் காட்டுவர்.

இத்தகைய பயணத்தின் முடிவிற் பயணியின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் பதிகின்றன. போர்த்துக்கீசர் வரலாறு கடற்கரையோடு முடிந்துவிட்டது என்பது ஒன்று. ஊவா மலைகளின் வரலாறு தேயிலைச் செடியோடுதான் தொடங்கிற்று என்பது மற்றொன்று. பயணிகள் இவ்வாறு எண்ணிச் செல்வதிற் பெரிய கேடில்லை. ஆனால், இம்மலைகளிலே பிறந்து இம்மலைகளிலே படிக்கும் தோட்டப்புற மாணவரும் அவ்வாறே எண்ணுகின்றனர் என்பதுதான் நமது கவலை. 1505ஆம் ஆண்டு காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு ஒரு போர்த்துக்கீசக் கப்பல் இத்தீவை அடைந்தது என்று பாடப்புத்தகத்தில் அவர்கள் படிக்கிறார்கள். அக்கப்பலுக்கும் தாம் வாழும் மண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே அவர்கள் கொள்கிறார்கள். இந்நாட்டிற் போர்த்துக்கீசப் படை கண்ட மிகப் பெருந்தோல்விகளுள் ஒன்று அவர்களுடைய ஊவாவிலேதான் நிகழ்ந்தது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

ஆகவே வேறொரு வழியை நாம் இங்கே முன்வைக்கிறோம். விடியற்காலையிற் பதுளையிலிருந்து புறப்பட்டு, எல்லக் கணவாயால் வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை வழியாகச் சென்றால் பொழுது சாயுமுன் மட்டக்களப்பு வாவிக்கரையை அடையலாம். ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கும் இவ்வழியிற் பறங்கியர் வரலாற்றின் இரண்டு முனைகளும் உள்ளன. ஒரு முனையில் அவர்களது தளபதி வீழ்ந்த களம். மறு முனையில் அவன் எழுப்பிய கோட்டை. இரண்டுக்கும் இடையில் யாரும் பெயர் எழுதி வையாத பல்லாயிரவரின் வரலாறு கிடக்கிறது.

தளபதியின் பெயர் கொன்ஸ்தந்தீனு த சா. 1618 முதல் இரண்டாண்டும், பின்னர் 1623 முதல் இறக்கும்வரையிலும் இலங்கையிற் போர்த்துக்கீசரின் தலைமைத் தளபதியாக இருந்தவன். அவன் காலத்திற் கோட்டை இராச்சியத்தின் நிலங்கள் போர்த்துக்கீசர் கைக்கு வந்துவிட்டன. 1619இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி குமாரன் சிறைப்பிடிக்கப்பட்டுக் கோவாவிற் கொல்லப்பட்டான். எஞ்சி நின்றது கண்டி ஒன்றே. அதனைக் கடலினின்றும் பிரித்துவிட்டால் தானே அடங்கும் என்பது த சாவின் கணக்கு. திருகோணமலையில் ஒரு கோட்டையும், 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவில் மற்றொரு கோட்டையும் எழுந்தமைக்குக் காரணம் இதுவே. நெல்லும் பாக்கும் வெளியே போகும் வாயில்களையும், உப்பும் துணியும் உள்ளே வரும் வாயில்களையும் ஒருசேரப் பூட்டுவது ஏகாதிபத்தியத்தின் பழைய உத்தி.

கண்டி மன்னன் செனரத் வாளாவிருக்கவில்லை. 1626இல் போர்த்துக்கீசர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களுள் ஒரு பகுதியினரை அவன் கீழ்க்கரையிற் குடியேற்றினான். இன்று நாம் அம்பாறையைக் கடந்து கரைக்கு இறங்கும்போது வயலும் வாணிகமுமாகக் காணும் ஊர்களுட் சிலவற்றின் தொன்மை இந்நிகழ்ச்சியோடு தொடர்புடையது. ஊவாவோ அவனது புதல்வருள் ஒருவனாகிய குமாரசிங்கனின் பொறுப்பில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட படைகள் போர்த்துக்கீசரின் தாழ்நிலப் பகுதிகளை அடிக்கடி தாக்கின. கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதி லின்யாரெஸ் பிரபுவோ, கண்டியை அடக்குவதிற் காலந்தாழ்த்துகிறாய் என்று த சாவைக் கடிந்து எழுதினான். இவ்விரு நெருக்குதல்களும் சேர்ந்து 1630 ஆகஸ்ட் மாதத்தில் அவனை ஊவா மலைகளில் ஏற்றின.

அவனோடு ஏறிய படையின் அமைப்பை இங்கே கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதிற் போர்த்துக்கீசரின் தொகை சிறிது. அவர்களிலும் பன்மடங்கினர் லஸ்கரின்கள் எனப்பட்ட உள்ளூர்ப் படையினர். அவர்கள் யார்? கோட்டை இராச்சியத்துச் சிங்களக் கிராமங்களின் குடியானவர்கள். நிலத்தை உண்பவன் அந்நிலத்துக்குரிய ஊழியத்தைச் செய்தல் வேண்டும் என்பது பழைய நிலமானிய முறை. சிலர் கறுவாப் பட்டை உரித்தனர். சிலர் யானை பிடித்தனர். சிலர் சுமை சுமந்தனர். சிலர் வேலும் வில்லும் துவக்கும் ஏந்திப் போருக்குச் சென்றனர். போர்த்துக்கீசர் இம்முறையை ஒழிக்கவில்லை. மன்னனுக்குச் செய்த ஊழியத்தைத் தமக்குச் செய்யுமாறு திருப்பிக்கொண்டனர். அதற்கு முதலியார்களும் ஆராச்சிகளும் இடைநின்று உதவினர். எசமானன் மாறினான், சுமை மாறவில்லை.

த சா பதுளையை அடைந்தபோது எதிர்ப்பு அதிகமில்லை. கண்டியர் நகரைவிட்டு விலகியிருந்தனர். மலைநாட்டுப் போர்முறை அது. 1594இல் தந்துரையிலும், பின்னர் பலனையிலும் போர்த்துக்கீசர் அதனைக் கண்டிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. வெற்று நகருக்குத் தீ வைத்தார்கள். குடிசைகளும் களஞ்சியங்களும் எரிந்தன. திரும்பும் வழியிலேதான் காடுகளும் குன்றுகளும் உயிர்பெற்று எழுந்தன. கீழே வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெல என்னும் இடத்தில் அப்படை வளைக்கப்பட்டது. த சாவின் சேனையிலிருந்த நான்கு முதலியார்கள், தொன் கொஸ்மே, தொன் அலெய்ஷு, தொன் பல்தசார், தொன் தெயோதோசியு என்னும் கிறித்தவப் பெயர் பூண்டோர், ஏற்கெனவே செனரத்துடன் இரகசியமாக உடன்பட்டிருந்தனர். உரிய வேளையில் லஸ்கரின்கள் போர்த்துக்கீசரை விட்டகன்று எதிரணியிற் சேர்ந்தனர். அதனோடு பெருமழையும் பிடித்தது. நனைந்த மருந்தும் அணைந்த திரியும் துப்பாக்கியை வெறுங்கட்டையாக்கின. த சாவும் அவனோடு நின்ற போர்த்துக்கீசருட் பெரும்பாலோரும் அங்கேயே மடிந்தனர்.

இந்நிகழ்ச்சியை எழுதியோர் யாவர் என்பதையும் மாணவர் அறிதல் நன்று. தளபதியின் மகன் ஜொவாவ் ரொட்ரிகஸ் த சா, தந்தையின் புகழைக் காக்கும்பொருட்டு ஸ்பானிய மொழியில் எழுதிய நூல் 1681இல் லிஸ்பனில் வெளியாயிற்று. அதன் பெயரே ‘இலங்கைக் கலகம்’. கோவாவிலிருந்து எழுதிய குவேறோஸ் பாதிரியாரின் பெருநூல் 1687இல் முடிக்கப்பட்டும், 1916இலேதான் கொழும்பில் அச்சேறியது. இந்நூல்களில் முதலியார்கள் துரோகிகள். நம் காலத்துத் தேசிய வரலாற்று நூல்களில் அதே முதலியார்கள் வீரர்கள். துரோகி என்றாலும் வீரன் என்றாலும் நான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அன்று ஆயுதத்தைத் திருப்பிய ஆயிரக்கணக்கான குடியானவருள் ஒருவன் எதை நினைத்து அதைச் செய்தான்? எரியும் பதுளையில் அவன் தன் ஊரைக் கண்டானா? பல ஆண்டு படையூழியத்தால் உழாமற் கிடந்த தன் வயலை நினைத்தானா? அல்லது முதலியார் திரும்பு என்றதால் திரும்பினானா? இவ்வினாக்களை அந்நூலாசிரியர்கள் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. பறங்கியின் பலம் பீரங்கியில் இருந்ததாக அவனும் நம்பினான், பிறரும் நம்பினர். அவன் பலம் தன்னைச் சுமந்த தோள்களிலே இருந்தது. அத்தோள்கள் விலகியதும் ஒரே நாளில் அவன் சாய்ந்தான். இது ரந்தெனிவெல கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. வெற்றிபெற்ற படை கொழும்புவரை சென்று முற்றுகையிட்டது, கோட்டை வீழவில்லை. எட்டாண்டு கழிந்து, 1638இல், செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கழைத்தான். அவ்வாண்டு மார்ச்சில் கன்னொறுவையில் மற்றொரு போர்த்துக்கீசச் சேனை அழிந்தது. மே மாதத்தில் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களக் கிராமத்தவர் இதனைச் சொல்வதுண்டு. கறுவா உரித்தவன் கறுவா உரித்துக்கொண்டே இருந்தான். அதனை நிறுத்து வாங்கியவன் மட்டும் மாறினான். மேலிருந்தோரின் உடன்படிக்கையால் இறக்கப்பட்ட சுமை, மேலிருந்தோரின் மற்றோர் உடன்படிக்கையால் மீண்டும் ஏற்றப்பட்டது. சுமந்தவன் தன் தீர்மானத்தால் இறக்கும் நாள் அன்று வரவில்லை.

வழியின் மறு முனைக்கு வருவோம். புளியந்தீவில் வாவியை நோக்கி நிற்கும் கோட்டை இன்று ஒல்லாந்தர் கோட்டை என்றே வழங்குகிறது. ஆயினும் மட்டக்களப்பிற் காண வேண்டியது கோட்டையைக் காட்டிலும் மனிதரே. அங்கே போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுள் முதியோர் போர்த்துக்கீசக் கலப்புமொழி ஒன்றைப் பேசுவர். திருமண வீடுகளில் வயலின் இசைக்குக் கஃபிரிஞ்ஞா ஆடுவர். தொழிலால் அவர்கள் தச்சர், கொல்லர், இயந்திரம் திருத்துவோர். மதத்தாற் கத்தோலிக்கர், அயலாரோடு பேசுவது தமிழ். தளபதிகள் கப்பலேறிப் போயினர் அல்லது மண்ணுள் மறைந்தனர். இங்கே தங்கியோர் சுத்தியலும் உளியும் பிடித்து உழைக்கும் மக்களோடு மக்களாயினர். 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது கரையோரத்தில் வாழ்ந்த அவர்களது குடியிருப்பும் அழிந்தது. பலர் உயிரிழந்தனர், எஞ்சியோர் வேறிடத்திற் குடியமர்ந்தனர். ஆண்ட இனம் என்ற பெயர் அலையிலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை. அவர்களை இன்று அந்நியர் என்று கூற யாருக்கு மனம் வரும்?

பறங்கியர் விட்டுச் சென்ற மற்றொரு செல்வம் மொழியில் உள்ளது. அதனைக் காண மட்டக்களப்புக்குக்கூடச் செல்ல வேண்டியதில்லை. வகுப்பறையில் நாம் அமரும் கதிரையும், எழுதும் மேசையும், மாணவர் அமரும் வாங்கும், திறந்துவிடும் ஜன்னலும், பூட்டும் சாவியும் போர்த்துக்கீசச் சொற்களின் வழிவந்தவை. கடையில் வாங்கும் பாணும், காலில் அணியும் சப்பாத்தும், வெலிமடைத் தோட்டங்களில் விளையும் கோவாவும் அப்படியே. லயத்து அடுப்பங்கரையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் அரைபடும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசர் கப்பலேற்றிக் கீழைநாடுகளுக்குக் கொணர்ந்த காய். அதற்குமுன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர்.

இவற்றுள் ஒரு சொல் நம் மனத்தை வெகுநேரம் பிடித்து நிறுத்துகிறது. தோட்டத் தொழிலாளி தன் குடியிருப்பை ‘லயக் காம்பரா’ என்கிறான். தாய்மார் மலைக்குச் சென்றபின் குழந்தைகளை வைத்திருக்கும் இடம் ‘பிள்ளைக் காம்பரா’. லயம் என்பது வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. காம்பரா என்பது அறையைக் குறிக்கும் ‘காமரா’ என்னும் போர்த்துக்கீசச் சொல்லின் திரிபு. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட அந்த அறையின் பெயரில் இரண்டு பேரரசுகள் ஒண்டிக் குடியிருக்கின்றன. அதனுள் வாழும் மனிதனுக்கு மட்டும் நீ நேற்று வந்தவன் என்று சொல்லப்பட்டது.

அவன் எவ்வாறு வந்தான் என்பதையும் இவ்வழியிலேயே கற்பிக்கலாம். 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸைச் சிங்களக் குடியானவர் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தனர். ஆங்கிலேயர் பதுளையை எரித்த போர்த்துக்கீசரிலும் முறையாக வேலை செய்தனர்: பயிரை அழித்தனர், கால்நடைகளைக் கொன்றனர், நீர்ப்பாசனத்தைக் குலைத்தனர். அவர்களும் அதனைக் கலகம் என்றே எழுதிவைத்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. சிங்களக் கிராமத்தவனிடமிருந்து எடுத்த நிலத்திற் பாடுபடத் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து நிலமற்றோர் கங்காணி வழியாகக் கொணரப்பட்டனர். முதலிற் கோப்பி, 1869இல் தொடங்கிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலை. நிலம் இழந்தவனும் ஊர் இழந்தவனும் ஒரே கொள்ளையின் இரு பக்கங்கள். இதனை இருவருக்கும் மறைப்பதே ஆண்டோரின் வெற்றியாயிற்று.

பதுளை நகரில் 1857இல் திறக்கப்பட்ட புனித மாற்கு ஆலயம், மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்ற அவர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவருக்கு ஆலயம் உண்டு. அம்மலைகளின் பாதைகளிற் காய்ச்சலாலும் பேதியாலும் மடிந்த தொழிலாளருக்குக் கல் ஒன்றும் இல்லை. 1924இல் பதுளையை அடைந்த புகையிரதப் பாதைக்காகக் கல் சுமந்த கைகளுக்கும் இல்லை. ஒன்பது வளைவுப் பாலத்திற் பயணி படம் எடுக்கிறான். பாலம் தானே முளைத்ததென்று எண்ணிக்கொள்கிறான்.

ஆயினும் சுமந்தவன் தன் தீர்மானத்தாற் சுமையை இறக்கிய நாள் ஊவாவுக்கு ஒருமுறை வந்தது. 1940ஆம் ஆண்டில், பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். லங்கா சமசமாஜக் கட்சியினர் தோட்டங்களிற் சங்கம் அமைத்துவந்த காலம் அது. ரந்தெனிவெலவில் முதலியார்கள் தீர்மானித்தனர். வெவெஸ்ஸவிலோ தொழிலாளர் தம்முள்ளே ஒரு சபையைத் தேர்ந்துகொண்டனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டவென ஆயுதத்தோடு வந்த பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்துவிட்டனர். முடிவில் அடக்குமுறையே மேலோங்கிற்று. இம்முறை மழையும் எதிரணியிற் சேர்ந்தது. வெள்ளத்தால் ஊவா ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டின் பிற பகுதிகளினின்றும் துண்டிக்கப்பட, வெளியிலிருந்து உதவியற்ற தொழிலாளரை அடக்குதல் எளிதாயிற்று. 1630இல் மழை துப்பாக்கியை அணைத்தது. 1940இல் துப்பாக்கிக்குத் துணை நின்றது. மழைக்குக் கட்சி கிடையாது. ஆனால், ஆளப்படுவோர் தாமே கூடித் தம் தலைமையைத் தேர்தல் இயலும் என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது. அந்த அச்சம் ஆள்வோர் மனத்தை விட்டு அகலவில்லை.

எட்டாண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. அதே 1948இல் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அமர்ந்து, 9,75,000 மனிதரை மூட்டை பிரிப்பதுபோற் பிரித்தனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சியோர் பின்னர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. 1818இல் ஆங்கிலேயர் துரோகிகள் என்று அறிவித்த ஊவாத் தலைவர்களை வீரர்கள் என்று 2016இல் அரசு அறிவித்தது. அது நியாயமே. வெவெஸ்ஸவின் சபையில் அமர்ந்தோரின் பெயர்களை எந்தப் பாடப்புத்தகம் சொல்லும்?

வெல்லவாயவிலிருந்து கொழும்பு வீதியாற் சிறிது மேலேறினாற் கொஸ்லந்தையும், அதன் அருகே மீரியபெத்தைத் தோட்டமும் உள்ளன. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் அமர்த்த வேண்டும் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் காம்பராவில் இருந்தனர். ரந்தெனிவெலவைக் காணச் செல்வோர் மீரியபெத்தையையும் கண்டு திரும்புதல் வேண்டும். தளபதி மடிந்த இடம் மட்டும் வரலாறு, தொழிலாளி புதையுண்ட இடம் வெறும் விபத்து என்ற பாகுபாட்டை மாணவர் ஏற்கலாகாது.

ஊவாவின் ஆசிரியர்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஆண்டுக்கொரு முறை மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறீர்கள். அதில் ஒரு நாளை இவ்வழிக்கு ஒதுக்குங்கள். சிங்களப் பாடசாலை மாணவரும் தமிழ்ப் பாடசாலை மாணவரும் ஒரே வண்டியிற் செல்லட்டும். ஏனெனில் லஸ்கரினின் பேரனும் தோட்டத் தொழிலாளியின் பேரனும் தனித்தனியே படித்தால் இவ்வரலாறு பாதிதான் விளங்கும். வழிகாட்டியை வாடகைக்கு அமர்த்த வேண்டியதில்லை. லயத்து முதியோர் ஒருவரையும் கிராமத்து முதியோர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டாற் போதும். பாலங்களையும் கோட்டைகளையும் காணும்போது, கட்டுவித்தவன் யார் என்ற வினாவோடு நில்லாமல், கட்டியவன் யார், சுமந்தவன் யார், அவன் சுமையை இறக்கிய நாள் எது என்று மாணவர் கேட்கப் பழகட்டும். இவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்த மாணவனிடம், இம்மண்ணில் உனக்கு வரலாறு இல்லை என்று பின்னொரு காலத்தில் எவரும் சொல்லிவிட முடியாது.